ஹோம் தியேட்டர்: பெட்டியில் போட்டிருப்பதும் வீட்டில் கேட்பதும்

மஞ்சக்குப்பம் மாமா:
தீபாவளிக்குள் ஹோம் தியேட்டர் வாங்கியே ஆகவேண்டும் என்று அக்கா மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனோடு கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். விற்பவர்கள் அடுக்கும் பெயர்களில் சில ஸ்பீக்கரைப் பற்றியவை, சில டிவியைப் பற்றியவை, சில வெறும் ஒயரைப் பற்றியவை. ஆனால் எல்லாமே அந்த ஒரு பெட்டிக்குள் இருப்பதுபோலத்தான் சொல்கிறார்கள். 7.1.4 என்று ஒன்றைக் காட்டினார்கள். 7 என்பது காது மட்டத்தில் நம்மைச் சுற்றி இருப்பவை, 1 தாழ்ந்த 'தும் தும்' சத்தத்துக்கான சப்வூஃபர், 4 தலைக்கு மேலிருந்து வரவேண்டிய சத்தத்துக்கு. அதுவரை சரி. பெட்டியைத் திறந்தால் ஒரு நீளமான பார், ஒரு வூஃபர், கைக்கு அடக்கமாக இரண்டு குட்டி ஸ்பீக்கர். மற்றதெல்லாம் பாருக்குள்ளேயே இருக்கிறதாம்.

ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள் எழுதுங்கள். கடையில் சொன்ன எந்தப் பெயர் உங்கள் வீட்டில் உண்மையிலேயே வேலை செய்தது, எது செய்யவில்லை? விலை விவரம் வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

திருப்பாதிரிப்புலியூர் சர்வீஸ்:
சார், முதலில் வாட்டைப் பேசிவிடுவோம். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து இதே வேலைதான் எனக்கு. போன மாதம் ஒருவர் பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய 2.1 செட் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கம் பெரிதாக 8000 வாட் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர். திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன்: 230 வோல்ட், 60 வாட். "சுவரிலிருந்து அறுபதை இழுத்துக்கொண்டு எட்டாயிரத்தை எங்கிருந்து கொடுக்கும்?" என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார்.

பிஎம்பிஓ என்பதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. கண்சிமிட்டும் நேரத்துக்கு உச்சத்தில் எவ்வளவு போகலாம் என்று கம்பெனிக்காரர் போடும் கணக்கு அது. தொடர்ந்து தரக்கூடிய சக்திதான் ஆர்எம்எஸ். அதிலும் ஒரு நெளிவு உண்டு. 10 சதவீத டிஸ்டார்ஷனோடு, அதாவது சத்தம் அவ்வளவு சிதையவிட்டு, அளந்தால் எண் பெரிதாகத் தெரியும்; 1 சதவீதத்துக்குள் அளந்தால் அதே ஆம்ப்ளிஃபயரின் எண் இறங்கிவிடும். எல்லா சேனலும் ஒன்றாக ஓடும்போது அளந்ததா, ஒன்றை மட்டும் ஓட்டி அளந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, பின்பக்கம் 60 வாட் என்றும் முன்பக்கம் 100 வாட் ஆர்எம்எஸ் என்றும் இருந்தால் உடனே பொய் என்று சொல்லிவிடாதீர்கள். பின்பக்க எண் பெரும்பாலும் சாதாரணப் பயன்பாட்டின் சராசரி. எட்டாயிரத்துக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது!

வாட் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் நான் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் நின்று கேட்டால் எத்தனை டெசிபல் என்பது அந்த எண். 85 உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 91 உள்ளதை வைத்தால், அதே சத்தத்துக்கு நாலில் ஒரு பங்கு வாட் போதும். இதைக் கடையில் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், பெட்டியிலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

அக்கா மகன்:
மாமா இப்படி என்னை ஊர் முழுக்க இழுத்துவிடுவார் என்று தெரியாது. அண்ணே, என் பட்டியலில் முதலில் இருப்பது டால்பி அட்மாஸ், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருமாமே, அதுதான். அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

மிஷன் வீதிப் பக்கம்:
தம்பி, அப்படியானால் நான் சொல்வது உனக்குத்தான். எங்களுடையது மாமனார் காலத்துக்கும் முந்திய பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை. வரிசையாகத் தேக்கு உத்திரம், நடுவில் செங்கல் அடுக்கு, உயரம் 14 அடிக்கு மேல். கணவர் ஆசையாக அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கினார். அதில் மேல்நோக்கிச் சத்தம் விடும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வந்து, மழை மேலிருந்து பெய்வதுபோலக் கேட்கவேண்டும். அதற்குக் கூரை தட்டையாக, கெட்டியாக, ரொம்ப உயரத்தில் இல்லாமல் இருக்கவேண்டும். 8 முதல் 12 அடி வரை நன்றாக இருக்கும், 14ஐத் தாண்டினால் பலன் குறையும். எங்கள் உத்திரங்களில் பட்டு அது நாலாபக்கமும் சிதறிப்போகிறது. மழை டிவியிலிருந்துதான் பெய்கிறது.

அதே பாரை லாஸ்பேட்டையில் நாத்தனார் வீட்டில் கேட்டேன். 10 அடி கான்கிரீட் கூரை, சுண்ணாம்பு அடித்த மொட்டைப் பரப்பு. ஹெலிகாப்டர் உண்மையிலேயே தலைக்கு மேல் போனது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: அட்மாஸ் என்பது இத்தனை ஸ்பீக்கர் என்ற கணக்கு இல்லையாம். 5.1இல் எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று முதலிலேயே பிரித்து எழுதிவிடுகிறார்கள். 2012இல் தியேட்டருக்கு வந்த அட்மாஸில், இந்தச் சத்தம் அறையில் இந்த இடத்தில் இருக்கவேண்டும் என்ற குறிப்பும் கூடவே வருகிறது. எந்த ஸ்பீக்கரிலிருந்து விடுவது என்பதை நம் வீட்டுக் கருவி அதனிடம் இருக்கும் ஸ்பீக்கர்களை வைத்து முடிவு செய்கிறது. அதனால் வாங்குமுன் அண்ணாந்து கூரையைப் பார். ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் சரிவு, எங்களைப்போல உத்திரம் என்றால் மேல்நோக்கும் ஸ்பீக்கருக்குக் காசு கொடுக்காதே. கூரையிலேயே ஸ்பீக்கர் பதிக்க முடிந்தால் அது வேறு கதை. எங்கள் உத்திரத்தில் ஓட்டை போட நான் விடமாட்டேன்.

லாஸ்பேட்டை ரிட்டயர்டு:
மேலே எழுதிய அம்மா சொன்னது சரி. ஆனால் கூரைக்குப் போகுமுன் ஒயரில் ஒரு சங்கதி இருக்கிறது. மகள் வாங்கிக்கொடுத்த பார் எங்கள் வீட்டில் எந்தப் படம் போட்டாலும் 'பிசிஎம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வருகிறது, பாடல் கேட்கிறது, ஆனால் பின்னால் வைத்த ஸ்பீக்கர்கள் பேருக்குத்தான் முனகுகின்றன. மாப்பிள்ளை வந்து டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம் என்று இருந்ததைப் பாஸ்த்ரூ என்று மாற்றினார். உடனே திரையில் டால்பி அட்மாஸ் என்று வந்தது.

அவர் சொன்ன விளக்கம் இது. பிசிஎம் என்று வைத்தால் டிவியே ஒலியைப் பிரித்துவிடுகிறது. பெரும்பாலான டிவிகளில் அது இரண்டு சேனலாகச் சுருங்கித்தான் வெளியே வரும். பாஸ்த்ரூ என்றால் டால்பி மூட்டையைப் பிரிக்காமல் பாரிடம் தருகிறது, பார் பிரித்துக்கொள்கிறது. அந்த மூட்டை போகும் வழிதான் ஏஆர்சி. 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன் வந்தது (படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் ஒயர்தான் எச்டிஎம்ஐ). டிவிக்குள் வருவதற்காக இருந்த அதே ஒயரில் ஒலியை மட்டும் திருப்பி வெளியே அனுப்பும் ஏற்பாடு. டிவியில் எல்லாத் துளையிலும் இது இருக்காது, ஏஆர்சி என்று எழுதிய ஒன்றில்தான் செருகவேண்டும்.

இஏஆர்சி 2017இல் எச்டிஎம்ஐ 2.1இல் வந்த அகலமான பாதை. அது இல்லாவிட்டால் அட்மாஸே வராது என்று கடையில் பயமுறுத்துவார்கள். நம்பவேண்டாம். ஓடிடியில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில் வருகிறது, அதற்குப் பழைய ஏஆர்சி போதும். புளூரே தட்டில் இருக்கும் ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோ போன்றவற்றை டிவி வழியாக அனுப்பத்தான் இஏஆர்சி வேண்டும். தம்பி தட்டு வாங்கிப் படம் பார்ப்பவரா என்ன?

அக்கா மகன்:
இல்லை சார், ஓடிடிதான். ரொம்ப நன்றி, பட்டியலில் ஒன்று குறைந்தது.

நெல்லிக்குப்பம்:
எங்கள் வீட்டில் அப்பாவின் புகார் ஒன்றுதான்: "பேசுறது கேக்கல, அடிதடி மட்டும் தெரு முழுக்கக் கேக்குது." 5.1இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அதை ஷோகேஸ் தட்டுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கொலு பொம்மைக்கும் தஞ்சாவூர்த் தட்டுக்கும் நடுவே வைத்திருந்தோம். வெளியே எடுத்து, காது மட்டத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து வைத்து, சென்டர் லெவலை 3 டெசிபல் ஏற்றினேன். இரவில் நைட் மோட் போட்டுவிடுகிறேன். அது மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்குகிறது. படம் எடுத்தவர் மனம் நோகும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மனமும் நமக்கு வேண்டுமே.

சப்வூஃபருக்கு கிராஸ்ஓவர் என்று ஒன்று வரும். அதை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். அதற்குக் கீழே உள்ள சத்தம் வூஃபருக்கு, மேலே உள்ளது மற்ற ஸ்பீக்கர்களுக்கு. அதிகமாக ஏற்றினால் ஆண்குரல்கூட மூலையில் இருக்கும் வூஃபரிலிருந்து வருவதுபோலத் தோன்றும். ரொம்பச் சின்ன ஸ்பீக்கர் என்றால் மட்டும் கொஞ்சம் ஏற்றத்தான் வேண்டியிருக்கும்.

வில்லியனூர்:
எல்லாரும் காதையே பேசுகிறீர்கள், கண்ணுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

4கே டிவி வாங்கினால் எல்லாம் 4கே ஆகிவிடாது. திரையில் 3840க்கு 2160 புள்ளிகள். டிடிஎச்சில் வரும் எச்டி சேனலில் அதிகபட்சம் 1920க்கு 1080, அதாவது நாலில் ஒரு பங்கு. மீதியை டிவி ஊகித்து நிரப்புகிறது, அதுதான் அப்ஸ்கேலிங். எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் முறை, அதன் விஷயம் இன்னும் மோசம். டிவி எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதற்கும், அந்த வெளிச்சத்தைக் காட்டும் என்பதற்கும் தூரம் அதிகம். 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரித்த படத்தை 300 நிட்ஸ் டிவியில் போட்டால் இரவுக் காட்சியெல்லாம் இருட்டு. நண்பர் வீட்டில் எச்டிஆரை நிறுத்தியதும்தான் ஆள் முகமே தெரிந்தது. எச்டிஆர்10 படம் முழுக்க ஒரே வெளிச்சக் குறிப்பைத் தருகிறது. டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸ்சும் காட்சிக்குக் காட்சி குறிப்பு தருகின்றன. மங்கலான டிவிக்கு அது ஓரளவு கைகொடுக்கும், அதிசயம் நடக்காது.

சினிமாவெல்லாம் சீரியல்போல வழுக்கிக்கொண்டு தெரிந்தால், மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்துங்கள். படம் நொடிக்கு 24 ஃபிரேம். நடுவில் இல்லாத ஃபிரேம்களை டிவி தானே தயாரித்துச் சேர்ப்பதால் வரும் வழவழப்பு அது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

கடலூர் ஓ.டி.:
துறைமுகப் பக்கம் இருக்கிறேன். உப்புக்காற்றில் ஸ்பீக்கர் ஒயரின் செம்பு முனை பச்சை பூத்துவிடும், சத்தம் விட்டுவிட்டு வரும். முனையை நறுக்கிப் புதிதாகச் சீவி மாட்டினால் சரியாகிவிடும். பனானா பிளக் என்ற செருகு முனை போட்டால் கழற்றிச் சுத்தம் செய்வது சுலபம். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கோடு ஆண்டெனா, டிஷ் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் மாமா:
எங்கள் கூடத்தில் 10 அடி கான்கிரீட் கூரை. ஆனால் ஃபேன், ட்யூப்லைட், ஒரு பக்கம் லாஃப்ட். இவனுக்கு இப்போது பார் வேண்டாமாம், தனித்தனி ஸ்பீக்கர்களை மாட்டி ஓட்டும் ரிசீவர் வேண்டுமாம். காசு ஒரேயடியாக இல்லை. சர்வீஸ் அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

திருப்பாதிரிப்புலியூர் சர்வீஸ்:
ரிசீவரே எடுங்கள் சார். இப்போதைக்கு முன்பக்க ஸ்பீக்கர் இரண்டும் நடு ஸ்பீக்கரும் போதும். வூஃபர் பொங்கலுக்கு, பின்பக்கம் இரண்டும் அதற்கு அப்புறம். ரிசீவரின் பின்பக்கம் ஸ்பீக்கரின் மின்தடை குறைந்தது எத்தனை ஓம் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது பாருங்கள். 6 ஓம் என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், சூடாகிக் கட் ஆகும். ஒயர் வாங்குமுன் கூடத்தை அளந்து, அளவை எனக்கு அனுப்புங்கள்.

அக்கா மகன்:
நீளம் 18 அடி, அகலம் 11 அடி, அண்ணே. லாஃப்ட் இடதுபக்கம்.