ஓய்வுக்குப் பிறகு நீலகிரி: குன்னூரா, கோத்தகிரியா, கூடலூரா?

சமவெளிவாசி:
நானும் மனைவியும் மட்டும். வாடகை 10 ஆயிரத்துக்குள் வேணும். அவங்களுக்கு மூட்டுவலி, எனக்கு சுகர். ஊட்டி டவுன் கட்டுப்படியாகாது. மத்த மூணுல எது தோது? பின்னாடி சின்னதா இடம் வாங்கலாமா?

சிம்ஸ்பார்க்_பக்கம்:
மூட்டுவலின்னா ஊரைவிட முதல்ல படியைப் பாருங்க சார். வாடகை குறைச்சலா சொல்ற வீடு பெரும்பாலும் ரோட்டுக்குக் கீழே நாப்பது, அம்பது படி இறங்கி இருக்கும். சிலிண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் சுமைகூலி தனி. ஆம்புலன்ஸ் ரோட்டோட நின்னுடும்.

குன்னூர்ல கோடையில தண்ணி நாள்கணக்கா வராது. 2,000 லிட்டராவது பிடிச்சு வைக்க தொட்டி இருக்கணும். லாரி நிக்கிற இடத்துல இருந்து ஹோஸ் எட்டுமான்னும் பாருங்க.

வீட்டை நவம்பர்ல பாருங்க, மே மாசம் எல்லா வீடும் அழகுதான். சரிவை வெட்டிக் கட்டின வீட்டுல பின்சுவர் மண்ணோட ஒட்டியிருந்தா ஈரம் ஊறும். பீரோவை நகர்த்திச் சுவத்துல கை வெச்சுப் பாருங்க. அந்த ஒரு சுவர்ல மட்டும் புது பெயின்ட்னா வேண்டவே வேண்டாம். காலை வெயில் விழணும். இல்லாட்டி 2,000 வாட் ஹீட்டர் தினம் 3 மணி நேரம் ஓடினாலே ரெண்டு மாசத்துக்கு 360 யூனிட். கீசரும் சேர்ந்து 500 தாண்டினா ரேட்டே மாறிடும்.

கோடநாடு_ரோடு:
என் ஓட்டு கோத்தகிரிக்கு. தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மலை தடுத்துடும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை. 2009 நவம்பர் மண்சரிவு அப்ப வந்ததுதான். மேட்டுப்பாளையத்துக்குத் தனி ரோடு, சுமார் 33 கி.மீ. பெரிய வைத்தியம்னா கோவைக்குத்தான் இறங்கணும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு எடுத்தா இருட்டின பிறகு நடைப்பயிற்சி கிடையாது, கரடியும் காட்டுமாடும் வரும்.

தேவாலா_மழை:
கூடலூர் உயரம் குறைவு, குளிரும் குறைவு. ஆனா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை துணி காயாது. வாடகைக்கு வாங்க, இடம் வாங்கறதுன்னா உஷார். ஜென்மி (பரம்பரை நிலவுடைமை) நிலங்களை அரசு எடுத்துக்கிட்ட 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்துல, உரிமை யாருக்குன்னு தீராத 'செக்‌ஷன் 17' நிலம்னு நிறைய கிடக்கு. பட்டா இருக்காது, 'அனுபவத்துல இருக்கு'ன்னு மலிவா தள்ளிவிடுவாங்க. பட்டா, சிட்டா, 30 வருஷ வில்லங்கம் மூணும் இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

சமவெளிவாசி:
கோத்தகிரியில ஒரு வீட்டை 4 லட்சம் லீஸுக்குச் சொல்றாங்க. எடுக்கலாமா?

கோடநாடு_ரோடு:
அந்த வீட்டுக்கே முதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க. பேங்க் அடமானத்துல இருந்தா பணம் மாட்டிக்கும். லீஸ் பத்திரத்தைப் பதிவு பண்ணிடுங்க, பணத்தை பேங்க் வழியா மட்டும் கொடுங்க.