ஜானிஸ் ஜாப்லினின் முதல் தனி ஆல்பம்: ஊதுகருவிகள் அவர் குரலை அமுக்கிவிட்டனவா?

செவிச்செல்வம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ‘பிக் பிரதர் அண்ட் த ஹோல்டிங் கம்பெனி’ குழுவோடு அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்லின் பாடி 1968 ஆகஸ்டில் வெளிவந்த ‘சீப் த்ரில்ஸ்’ ஆல்பத்தை ஓராண்டாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அவர் குழுவை விட்டு விலகி, 1969 செப்டம்பரில் ‘ஐ காட் டெம் ஓல் காஸ்மிக் ப்ளூஸ் அகைன் மாமா!’ என்ற முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். எட்டே பாட்டுகள் கொண்ட அதைக் கடந்த வாரம் முதன்முறையாகக் கேட்டபோது மனம் ஒட்டவில்லை. பழைய குழுவில் இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இரைய, அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு குரல் எழும். இங்கேயோ சாக்ஸஃபோன்களும் ட்ரம்பெட்டும் வரிசை பிசகாமல் ஊதுகின்றன, குரல் அவற்றோடு சேராமல் தனித்து நிற்கிறது. ஆனால் அதிலுள்ள ‘லிட்டில் கேர்ள் ப்ளூ’ பாட்டை மட்டும் என்னால் விட முடியவில்லை. குறை எங்கே இருக்கிறது? குழுவை விட்டு அவர் விலகியதே பிழைதானா? நீண்ட நாள் கேட்டவர்கள் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

ஆறாம் தந்தி மறுமொழி:

நண்பரே, குறை ஊதுகருவிகளில் இல்லை, நாட்கணக்கில் இருக்கிறது என்பது என் எண்ணம். பிக் பிரதரோடு அவர் கடைசியாக மேடையேறியது 1968 டிசம்பர் 1 அன்று, சான் பிரான்சிஸ்கோவில். புதிய குழுவோடு முதன்முதலாக மேடையேறியது டிசம்பர் 21 அன்று, மெம்ஃபிஸில். இடையில் இருந்தவை இருபது நாட்கள்தான். அதுவும் எப்படிப்பட்ட மேடை! அந்த ஊரின் ஸோல் இசைத்தட்டு நிறுவனமான ஸ்டாக்ஸ் நடத்திய விழா அது. புக்கர் டி போன்ற ஸ்டாக்ஸ் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கூடத்தில் ஒன்றாக வாசித்துப் பழகிய ஊரில், அவர்களுடைய இசையையே உயிராகக் கொண்ட மக்களுக்கு முன்னால், ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தறியாத ஒரு குழுவோடு போய் நின்றார். வரவேற்பு குளிர்ந்துபோயிருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அவர் ஏன் அங்கே போனார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஆல்பத்தைக் கேட்க முடியாது. 1966 டிசம்பரில் ஸ்டாக்ஸின் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கில் பாடியபோது, ஜானிஸ் ஓர் இரவையும் விடாமல் வந்து மேடைக்கு அருகில் நின்று கேட்டவர். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பாட்டை ஏற்றுகிற வித்தையை அவர் அங்கேதான் கண்டார். அந்தப் பாட்டு முறைக்குத் தாளம் பிசகாத குழு வேண்டும், ஊதுகருவிகள் வேண்டும். பிக் பிரதரின் அழகு அவர்களுடைய முரட்டுத்தனத்தில் இருந்தது. அவர்களிடம் போய் இதைக் கேட்டிருக்க முடியாது. இந்த ஆல்பத்தின் ‘டு லவ் சம்படி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் பீ ஜீஸ் குழு வெளியிட்ட அந்தப் பாட்டு, ஓட்டிஸ் ரெட்டிங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவது. ஜானிஸ் அதைப் பாடும்போது பீ ஜீஸின் மெட்டைவிட ஓட்டிஸின் திக்கலும் திணறலும்தான் காதில் விழுகின்றன.

‘லிட்டில் கேர்ள் ப்ளூ’ உங்களைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. இசையமைப்பாளர் ரோஜர்ஸும் பாடலாசிரியர் ஹார்ட்டும் 1935இல் மேடை நாடகத்துக்கு எழுதிய பாட்டு அது. தொடக்கத்தில் வருகிற கிட்டாரைக் கவனியுங்கள். ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டி நடக்கிற அந்த நடை, ‘சீப் த்ரில்ஸ்’ ஆல்பத்தின் ‘சம்மர்டைம்’ பாட்டில் நீங்கள் கேட்ட அதே நடையின் தங்கை. பழைய குழுவிலிருந்து ஜானிஸ் தம்மோடு அழைத்து வந்தது கிட்டார் கலைஞர் சாம் ஆண்ட்ரூ ஒருவரைத்தான். அந்தக் கிட்டாரின்மேல் ஜானிஸ் கத்தவே இல்லை. குரல் உடையப் போகிற இடத்திலெல்லாம் உடையவிடாமல் தாங்கிப் பிடித்து, மூச்சாகவே விட்டுவிடுகிறார். இந்த அடக்கம் அவரிடம் இதற்கு முன் எங்கும் எனக்குக் கேட்கக் கிடைக்கவில்லை.

கருந்தட்டு மறுமொழி:

ஆறாம் தந்தி ஐயா சொன்ன பலவற்றை ஏற்கிறேன். ஆனாலும் நாட்கணக்கு மட்டுமே காரணம் என்பதை ஏற்க மனம் வரவில்லை. ஒலிப்பதிவு நடந்தது 1969 ஜூனில். அதற்குள் குழுவுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, ஐரோப்பாவுக்கும் போய் வந்துவிட்டார்கள், ஏப்ரல் 21 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் மக்களை இருக்கையிலிருந்து எழுப்பி ஆட வைத்தும் விட்டார்கள். உண்மையான மாற்றம் வேறு. பிக் பிரதரில் ஐவரும் சமபங்காளிகள். புதிய குழுவில் மற்ற அனைவரும் சம்பளத்துக்கு வாசித்தவர்கள். பாடகி சொல்வதை மறுத்து, ‘இந்த இடம் சரியில்லை, நிறுத்து’ என்று சொல்லக்கூடிய உரிமை யாருக்கும் இல்லாமல் போயிற்று. குழுவில் ஆட்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள், சாம் ஆண்ட்ரூவே அந்தக் கோடையோடு விலக்கப்பட்டார். இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் நெடுநேரம் குழுவே வாசித்துக்கொண்டிருக்கிறது, குரலுக்காக நாம் காத்திருக்கிறோம். பழைய தோழர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த முன்னிசையைப் பாதியாக வெட்டியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஆயினும் விலகியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற விமர்சகர் ரால்ஃப் க்ளீசன், அவர் பழைய குழுவிடமே திரும்பிப் போக வேண்டும் என்ற பொருள்பட எழுதினார். இருபத்தாறு வயதுப் பெண், தம் சொந்த ஊராக ஏற்றுக்கொண்ட நகரத்தின் செய்தித்தாளில் அதைப் படித்திருப்பார் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. விமர்சனங்கள் இப்படி இருந்தும் ஆல்பம் ஐந்தாம் இடம் வரை ஏறியது.

செவிச்செல்வம் மறுமொழி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மீண்டும் கேட்டேன். ‘காஸ்மிக் ப்ளூஸ்’ பாட்டில் பியானோ மெல்லத் தொடங்கி, குரல் படிப்படியாக ஏறும்போது ஊதுகருவிகளும் கூடவே ஏறுவதை இப்போதுதான் கவனித்தேன். முன்பு அது எனக்கு வெறும் ஆரவாரமாகக் கேட்டது. இந்தக் குழு மேடையில் எப்படி ஒலித்தது என்று கேட்க ஏதேனும் பதிவு கிடைக்குமா? இந்தக் குழு அதன் பிறகு என்ன ஆயிற்று?

ஆறாம் தந்தி மறுமொழி:

கிடைக்கும். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவில் நள்ளிரவைத் தாண்டி அவர்கள் பாடியது முழுவதும் 2009இல் வெளியாகியிருக்கிறது. அந்த விழாவைப் பற்றி 1970இல் திரைக்கு வந்த படத்தில் ஜானிஸ் இல்லை. 1994இல் நீட்டி வெளியிட்ட பதிப்பில்தான் ‘வொர்க் மீ, லார்ட்’ சேர்க்கப்பட்டது. களைப்பு குரலில் தெரிகிறது. ஆனால் கடைசிப் பகுதியில் அவர் கெஞ்சுவதைக் கேட்டால், ஆல்பத்தில் அந்தப் பாட்டை ஏன் இறுதியில் வைத்தார்கள் என்பது விளங்கிவிடும்.

அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனோடு குழு கலைந்தது. அடுத்த ஆண்டு அவர் அமைத்த ‘ஃபுல் டில்ட் பூகி’ குழுவில் ஊதுகருவிகள் இல்லை. ஆனால் பேஸ் கிட்டார் வாசித்த பிராட் கேம்பெலும், சாம் ஆண்ட்ரூவின் இடத்துக்கு வந்த ஜான் டில்லும் அங்கேயும் தொடர்ந்தார்கள். இந்தக் குழுவில் இல்லை என்று கருந்தட்டு அவர்கள் சொன்ன தோழமை அங்கேதான் அமைந்தது. 1970 அக்டோபர் 4 அன்று அவர் இறந்துபோனார். ஃபுல் டில்ட் பூகியோடு பதிவுசெய்த ‘பேர்ல்’ ஆல்பம் அடுத்த ஜனவரியில் வெளிவந்து ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதைக் கேட்கும் முன், ‘காஸ்மிக் ப்ளூஸ்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை மட்டும் இடையில் நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள். நான்கே பாட்டுகள்தான்.