நியூ ஆர்லியன்ஸில் அப்பாவோடு ஜாஸ் கேட்க எங்கே போகலாம்?

அடுத்த மாதம் அப்பா, 16 வயது மகளோடு நியூ ஆர்லியன்ஸ் போகிறேன். அப்பா நாகஸ்வரப் பைத்தியம். டிரம்பெட்டையும் நேரில் கேட்டே ஆக வேண்டுமாம்.

1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்கில் மது கிடையாது, எல்லா வயதினரையும் விடுகிறார்கள். சரி, ஆனால் பெஞ்சுகள் கொஞ்சம்தான். நிறையப் பேர் நின்றுதான் கேட்க வேண்டும். அப்பாவுக்கோ முழங்கால் வலி. அங்கே இருக்கை டிக்கெட் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? பெஞ்சில் சாய்மானம் உண்டா?

ஃப்ரெஞ்ச்மென் தெருவில் 21 வயது ஆகாதவர்களை விடாத கிளப்புகள் உண்டு. மகளோடு உட்கார்ந்து கேட்க அங்கே எது தோது? போர்பன் தெரு வேண்டாம். போன முறை ஒரு பாரில் ஸ்பீக்கரை ஒட்டி உட்காரவைத்தார்கள், காது அடைத்ததுதான் மிச்சம்.

அப்புறம், வாத்தியக்காரர்கள் டிப்ஸ் வாளியை நீட்டினால் ஆளுக்கு எத்தனை டாலர் போடுவது முறை?