புது தாரா, பழைய சிஆர்டிஇயா: டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடி ஒரு பஞ்சாயத்து

வேளச்சேரி_வாசி:
சனிக்கிழமை மஹிந்திராவோட புது தார் ஜீப், டீசல் மேனுவல், ஃபோர் வீல் டிரைவ், டெஸ்ட் டிரைவ் போறேன். கேட்டவங்க எல்லாம் "ஆஃப்ரோடுன்னா (ரோடு இல்லாத காடு மேடு) பழைய சிஆர்டிஇ தார்தான், புதுசு ஷாப்பிங் மாலுக்குப் போற வண்டி"ங்கறாங்க. ஓட்டும்போது எதைப் பார்க்கணும்? நல்ல பழசு கிடைச்சா செகண்ட் ஹேண்ட்லயும் எடுக்கலாம்னு யோசனை.

கிரீஸ்கை:
சரியாத்தான் சொல்லியிருக்காங்க. 2010ல வந்த சிஆர்டிஇல பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டை அடுக்கு), முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு எடை தாங்கற கம்பி). பட்டை உடைஞ்சா எந்த ஊர் பட்டறையிலயும் மாத்திட்டு வீடு வந்து சேரலாம். அப்ரோச் ஆங்கிள் (முன்பக்கம் இடிக்காம ஏறக்கூடிய மேட்டோட சாய்வு) 44 டிகிரி, புதுசுல 41.8. போதாததுக்கு 18 இஞ்ச் வீல். சைடுவால் (டயரோட பக்கச்சுவர் உயரம்) போச்சு, மணல்ல காத்தைக் குறைச்சு ஓட்டவே முடியாது.

ஈசிஆர்_காத்து:
கணக்குப் போட்டுட்டுப் பேசுங்கண்ணே. பழசு 235/70 ஆர்16, சைடுவால் 164.5 மி.மீ. புதுசு 255/65 ஆர்18, 165.75 மி.மீ. எங்க போச்சு? டயரோட மொத்த விட்டம்தான் 735லிருந்து 789 ஆகியிருக்கு. அதுல பாதி 27. கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டி அடிக்கும் தரைக்கும் இடைவெளி) 200லிருந்து 226 மி.மீ. ஆன கதையும் அதேதான்.

அப்ரோச்ல 2 டிகிரி குறைஞ்சதைச் சொன்னவர், டிபார்ச்சர் (பின்பக்கத்துக்கான அதே கோணம்) 27லிருந்து 36.8 ஆனதை ஏன் விட்டுட்டீங்க? பள்ளத்துல இறங்கி ஏறும்போது பழசு பின்பக்கத்தைத் தேய்ச்சுட்டுத்தானே வரும்?

கிரீஸ்கை:
அப்ப நீங்களே ஒத்துக்கறீங்க, கிளியரன்ஸ் டயர் போட்ட பிச்சை. டயர் பெருசானா கியரிங் 7 சதவீதம் நீளும். லோ ரேஞ்ச்ல (மெதுவா, அதிக இழுவையோட போற கியர் அமைப்பு) பாறை ஏத்தறப்போ அது தெரியும்.

ஈசிஆர்_காத்து:
டார்க் (இன்ஜினோட சுழற்று விசை) 247லிருந்து 300 நியூட்டன் மீட்டர், 21 சதவீதம் ஏறியிருக்கு. 7 போனா போகட்டும். பழசுல முன்னாடி சாலிட் ஆக்சில் (ரெண்டு வீலையும் சேர்க்கற ஒரே தண்டு) இருந்த மாதிரி பேசறீங்க. அது மஹிந்திராவோட பழைய ஜீப்புகள் எம்எம்540, மேஜர் காலத்தோட முடிஞ்சுது. 2010 வண்டியிலயும் முன்னாடி இண்டிபெண்டன்ட்தான் (வீல் தனித்தனியா ஏறி இறங்கும்), புதுசுலயும் அதேதான். குறுக்குப் பள்ளத்துல ரெண்டுமே முன்வீலைத் தூக்கும். தூக்கின பிறகு என்ன ஆகுதுங்கறதுலதான் வித்தியாசம்.

பின் ஆக்சில்ல தானா லாக் ஆகி ரெண்டு வீலையும் ஒண்ணா சுத்த வைக்கற மெக்கானிக்கல் லாக்கர் 2015லிருந்து பழசுலயும் உண்டு. ரெண்டு சக்கரத்துக்கும் வேக வித்தியாசம் நிமிஷத்துக்கு சுமார் 100 சுத்து வந்ததும் 'டக்'னு பிடிக்கும். ஆனா முன் டிஃபரன்ஷியல் (ரெண்டு வீலுக்கும் விசையைப் பிரிக்கற பல்சக்கரப் பெட்டி) ஓப்பன், லாக் கிடையாது. பழசுல அந்தரத்துல இருக்கற முன்வீல் சும்மா சுத்திட்டே இருக்கும். புதுசோட மேல் வேரியன்ட்ல இஎஸ்பி (வண்டி சறுக்காம பாத்துக்கற எலக்ட்ரானிக் சிஸ்டம்) அந்த வீலுக்கு மட்டும் பிரேக் பிடிச்சு, விசையை எதிர் வீலுக்குத் தள்ளும்.

வேளச்சேரி_வாசி:
இதை ஷோரூம் டெஸ்ட் டிரைவ்ல எப்படிச் சோதிக்கறது? ஜிஎஸ்டி ரோட்ல யு டர்ன் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துடுவாங்களே.

ஈசிஆர்_காத்து:
முதல்ல கியர் பக்கத்துல ஃபோர் வீல் டிரைவ் போடற சின்ன லிவர் இருக்கான்னு பாருங்க. 2023லிருந்து 1.5 லிட்டர் டீசல்ல ரியர் வீல் டிரைவ் தாரும் விக்கறாங்க, அந்த வண்டியையே டெஸ்டுக்குக் கொடுத்துடுவாங்க. வண்டலூர்-கேளம்பாக்கம் ரோடுப் பக்கம் வீடு வராத மனைப்பிரிவு மண்ணு ஏதாவது காட்டச் சொல்லுங்க. கெட்டியான ரோட்ல 4எச் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல்) போட்டுத் திருப்பாதீங்க. சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது, முன்னும் பின்னும் இழுத்துக்கிட்டு ஷாஃப்ட் முறுக்கும்.

4எல்லுக்கு (லோ ரேஞ்ச் ஃபோர் வீல்) வண்டி நிக்கணும், கியர் நியூட்ரல், கிளட்ச் முழுசா. விழலைன்னா ஒரு முழம் உருள விட்டுட்டு மறுபடி போடுங்க, பல் சேர்ந்துக்கும். நடுவுல இருக்கற 'என்'ல (நியூட்ரல்) அந்தச் சின்ன லிவர் நின்னா, கியர்ல போட்டு நிறுத்தினாலும் வண்டி உருண்டுடும், ஹேண்ட்பிரேக் கட்டாயம். 4எல் ஒண்ணாம் கியர்ல எல்லா பெடலையும் விட்டுட்டு மேட்டை ஏறச் சொல்லுங்க. அப்புறம் ஒரு குறுக்குப் பள்ளம்: வீல் சுத்தினதும் ஆக்சிலரேட்டரை விட்டுடாம, ஒரே சீரா லேசா பிடிச்சா ரெண்டு செகண்ட்ல ஏறிடும். பயந்து கால் எடுத்தா எந்த லாக்கரும் உதவாது.

கிரீஸ்கை:
பிரேக் வச்சு இழுக்கற டெக்னிக் மணல்ல சூடாகி ஓய்ஞ்சுடும், அதையும் சொல்லுங்க. அதுக்காக ஈசிஆர் பக்கம் பீச்ல இறக்கிப் பார்க்காதீங்க. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை முட்டையிடற கரை அது. உப்புத்தண்ணி அடிச்ச சேஸிஸ் ரெண்டு வருஷத்துல துருவைக் கக்கும்.

வேளச்சேரின்னா வெள்ளம் முக்கியம். புதுசு 650 மி.மீ. ஆழத் தண்ணியில போகும்னு போட்டிருக்காங்க, சரிதான். ஆனா அது நின்ன தண்ணிக்கு. எதிர்ல பஸ் வந்து அலை அடிச்சா கணக்கு மாறிடும். 4எல் ரெண்டாம் கியர், நடை வேகம், நடுவுல கிளட்ச் மிதிக்கக் கூடாது. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ளே காத்து சுருங்கும். பிரீதர் (ஆக்சில் மூச்சு விடற குழாய்) அடைச்சிருந்தா ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சுடும். வெளியே வந்ததும் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்க. பால் கலந்த மாதிரி இருந்தா உடனே மாத்துங்க. இது ரெண்டு வண்டிக்கும் பொது.

வேளச்சேரி_வாசி:
பழசு எடுத்தா?

கிரீஸ்கை:
முன்வீல் நடுவிலிருந்து ஆர்ச் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளங்க. உயரம் வேற வேறயா இருந்தா டார்ஷன் பார் தளர்ந்திருக்கு. இல்லைன்னா உயரமா தெரியணும்னு போல்ட்டை முறுக்கியிருக்காங்க. முறுக்கினதுன்னா டிரைவ் ஷாஃப்ட் கோணம் ஏறி சிவி பூட் (அதோட மூட்டை மூடற ரப்பர் உறை) கிழியும். கீழே குனிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கான்னு பாருங்க. தரை விரிப்பைத் தூக்கி ஃப்ளோர், பாடி மவுன்ட் (பாடி சேஸிஸ்ல உட்கார்ற இடம்), கண்ணாடி ஃப்ரேம் மூணையும் துரு இருக்கான்னு ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க.

ஈசிஆர்_காத்து:
ஏர்பேக் எங்க இருக்குன்னும் தேடிப் பாருங்க, கிடைக்காது. ஏபிஎஸ்ஸே (பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம காக்கறது) 2019ல, கடைசிக் காலத்துலதான் வந்துது. பின்னாடி எதிரெதிர் பெஞ்ச். புதுசு 2020ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில 4 ஸ்டார் வாங்கினது. பசங்களைக் கூட்டிட்டுப் போற வண்டின்னா எனக்கு இதுல விவாதமே இல்லை.

கிரீஸ்கை:
பசங்களுக்குன்னா புதுசே எடுங்க, நானும் தடுக்க மாட்டேன். கேள்வி ஆஃப்ரோடுன்னு கேட்டீங்க, அதுக்குத்தான் பதில் சொன்னேன். எந்த வேரியன்ட்ல லாக்கர் வருது, எதுல பிரேக் வேலை மட்டும்ங்கறதை மட்டும் புக்கிங் ஃபார்ம்ல எழுதி வாங்கிக்குங்க.