‘மைக்ரேஷன்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும்: மன்ற மென்பொருள் மாற்றம் குறித்து

மடல் 1
சர்வர் பொறுப்பாளரிடமிருந்து, சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் இணைய மன்றம் இப்போது ஓடும் விபுல்லட்டின் என்ற மென்பொருளை விட்டு வேறு மென்பொருளுக்கு மாறுவதற்கான வழிகாட்டி முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு சொல்தான் இடிக்கிறது. ‘மைக்ரேஷன்’ வரும் இடங்களில் ஒரு பக்கத்தில் ‘இடமாற்றம்’, இன்னொன்றில் ‘புலம்பெயர்வு’, மூன்றாவதில் ‘தரவு நகர்த்தல்’ என்று போட்டிருக்கிறேன். படிப்பவர் மூன்றும் வேறுவேறு வேலை என்று நினைத்துக்கொள்வார்.

உண்மையிலேயே வேலைகள் மூன்று உண்டு என்பதுதான் சிக்கல். மென்பொருள் அதேதான், சர்வர் மட்டும் மாறுகிறது என்றால் தரவுத்தளத்தையும் கோப்புறையையும் நகலெடுத்து, அமைவுக் கோப்பில் கடவுச்சொல்லை மாற்றினால் போதும். ஒரு மாலை வேலை. அதே மென்பொருளின் புதுப் பதிப்புக்குப் போவது இரண்டாவது. மூன்றாவது மென்பொருளே மாறுவது. பழைய அட்டவணைகளின் அச்சு வேறு, புதியவற்றின் அச்சு வேறு. ஒவ்வொரு வரியையும் படித்து வேறு வடிவில் எழுதவேண்டும். இந்த மூன்றாவதுக்குத்தான் சொல் வேண்டும். மற்ற இரண்டோடு குழப்பாத சொல்லாக இருக்கட்டும்.

மடல் 2
தமிழாசிரியை (ஓய்வு), ஈப்போ

தம்பி, ‘புலம்பெயர்வு’ ஆளுக்குச் சொல்வது. ‘பெயர்தல்’ தன்வினை, தானாக எழுந்து போவது. மன்றம் தானாகப் போகவில்லை, நீங்கள் தூக்கி வைக்கிறீர்கள். அது பிறவினை. அப்படியானால் ‘பெயர்ப்பு’. மொழிபெயர்ப்பு என்கிறோம், மொழிபெயர்வு என்பதில்லையே.

‘இடமாற்றம்’ என்றால் இங்கே எல்லாருக்கும் அரசாங்க ஊழியரின் டிரான்ஸ்ஃபர் கடிதம்தான் கண்ணில் வரும். விட்டுவிடுங்கள். என் பரிந்துரை: தளப்பெயர்ப்பு.

மடல் 3
வழிகாட்டியை மெய்ப்புப் பார்ப்பவர், தைப்பிங்

டீச்சருக்கு வணக்கம். ‘தளம்’ ஏற்கெனவே அளவுக்கு மேல் சுமக்கிறது. இணையதளம், இயங்குதளம், தரவுத்தளம், அடுக்குமாடியில் மூன்றாவது தளம். ‘தளப்பெயர்ப்பு’ என்றதும் முகவரி மாறுகிறது என்றே பாதிப்பேர் எடுத்துக்கொள்வார்கள். நம் தளத்தின் முகவரி மாறவே இல்லை.

இன்னொன்று, பெயர்த்தல் என்றால் கடப்பாரை ஞாபகம் வருகிறது. சிமெண்டுத் தரையைப் பெயர்ப்பதும் பெயர்ப்புதான்.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும் சொல் ஒன்று இருக்கிறதே: மறுநடவு. பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை போட்ட கதை தெரியாத வீடு இங்கே உண்டா?

மடல் 4
சர்வர் பொறுப்பாளரிடமிருந்து

அண்ணே, மறுநடவு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நேர் எதிரான பொருளைத் தருகிறது. மறுநடவில் பழைய மரம் விழுகிறது, புதுக் கன்று சுழியத்தில் தொடங்குகிறது. பால்மரமானால் பால் வெட்டக் கத்தி வைக்கவே ஐந்தாறு வருடம் காத்திருக்கவேண்டும். இங்கே பழையது அப்படியே வந்தாகவேண்டும்.

செக்ரோலை (தோட்டத் தொழிலாளர் பெயரும் சம்பளமும் எழுதும் ஏடு) வைத்துச் சொல்கிறேன். தோட்டம் கைமாறினாலும் புது நிர்வாகம் அதே ஆளை அதே எண்ணில் எழுதினால் பழைய சம்பளக் கணக்கு ஒட்டும். எண்ணை மாற்றினால் ஆள் இருப்பார், கணக்கு இருக்காது. மன்றத்திலும் உறுப்பினர் எண், இழை (ஒரு தலைப்பில் நடக்கும் உரையாடல்) எண், பதிவு எண் மூன்றும் அப்படித்தான். நாம் மாறக்கூடிய மென்பொருள்களில் ஒன்றான ஸென்ஃபோரோவின் இறக்குமதிக் கருவியில் பழைய எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வு உண்டு. புது மன்றம் காலியாக இருந்தால்தான் அதைத் தேர்ந்தெடுக்க முடியும். சோதனைக்கு என்று யாராவது அங்கே நாலு இழை தொடங்கிவிட்டால் அந்தத் தேர்வு போச்சு, மறுபடி நிறுவவேண்டும். இறக்குமதியின்போது உருவாகும் பதிவேட்டு அட்டவணையை வேலை முடிந்ததும் அழித்துவிடக் கூடாது. எந்தப் பழைய எண் எந்தப் புது எண்ணானது என்பது அதில்தான் இருக்கிறது. பழைய இணைப்புகளைப் புது மன்றத்தின் உரிய பக்கத்துக்குத் திருப்பும் நீட்சி (கூடுதல் நிரல்) அதைத்தான் பார்க்கிறது.

எதை வாங்குவது என்ற பகுதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸென்ஃபோரோ உரிமத்தை நம் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். முதல் வருடத்துக்குப் பின் புதுப்பிக்காவிட்டால் மேம்பாடும் உதவியும் நிற்கும், மன்றம் நிற்காது. இன்னொன்றான டிஸ்கோர்ஸ் கட்டற்ற மென்பொருள். மாதக் கட்டணம் கொடுப்பது அவர்களே நடத்தித் தருவதற்கு. நாமே நடத்தினால் 2 ஜிபி நினைவகம் வைப்பது நல்லது. 1 ஜிபியில் ஓடும், மூச்சு வாங்கும். (பெயரைப் பார்த்து டிஸ்கார்ட் என்று நினைக்கவேண்டாம், அது வேறு.) வாடகைக்கு எடுக்கும் எதிலும் பணம் கட்டுமுன் ஒரே கேள்விதான்: போகும்போது முழுத் தரவுத்தள நகலும் இணைப்புக் கோப்புகளும் கைக்கு வருமா? பதிவுகளை அட்டவணையாகத் தருவோம் என்று மட்டும் பதில் வந்தால் கடவுச்சொற்களும் தனிமடல்களும் வராது என்று பொருள். வரவுசெலவில் மலேசியச் சேவை வரியையும் சேருங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் வந்தது, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு.

கடவுச்சொல் விஷயம் முக்கியம். விபுல்லட்டின் 3, 4 இரண்டும் கடவுச்சொல்லை எம்டி5 என்ற பழைய மறைப்பு முறையில், ‘உப்பு’ எனப்படும் தற்செயல் எழுத்துகளைச் சேர்த்து வைத்திருக்கும். ஸென்ஃபோரோ அதை அப்படியே வாங்கி, உறுப்பினர் முதன்முறை நுழையும்போது சரிபார்த்துத் தன் முறைக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். டிஸ்கோர்ஸுக்குத் தனி நீட்சி போடாவிட்டால் எல்லாருக்கும் மீட்டமைப்பு மின்னஞ்சல்தான். நம் மூத்த உறுப்பினர்களில் எத்தனை பேருடைய பழைய அஞ்சல் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். டிஸ்கோர்ஸில் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கும் தொல்லை உண்டு: தமிழ் எழுத்துப் பயனர்பெயரை ஏற்கும் அமைப்பு இயல்பில் அணைந்திருக்கும். இறக்குமதிக்கு முன்பே அதை இயக்கவேண்டும். பிறகு இயக்கினால் உருக்குலைந்த பெயர்கள் திரும்பாது.

மடல் 5
மெய்ப்புப் பார்ப்பவர்

சரி, மறுநடவைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘அப்படியே வரவேண்டும்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் தம்பி. தமிழ் அப்படியே வருவதில்லை. வழிகாட்டியில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

பழைய விபுல்லட்டின் மன்றத்தில் தமிழ் இரண்டு வேடத்தில் உட்கார்ந்திருக்கும். பக்கம் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறிமுறை) என்று அறிவிக்கப்பட்டிருந்தால் உலாவி ஒவ்வொரு தமிழ்க் குறியையும் எண்ணாக்கி அனுப்பியிருக்கும். ‘க’ என்பது உம்மைக்குறி (&), எண்குறி (#), 2965, அரைப்புள்ளி (;) என ஏழு இடம் பிடிக்கும். தலைப்புக்கு 250 இடம்தான். ஆக 35 குறி. ‘கு’ போன்றவை இரண்டு குறி என்பதால் இருபது எழுத்து சொச்சத்தில் தலைப்பு அறுந்திருக்கும். அறுந்தது அறுந்ததுதான், எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

இரண்டாவது வேடம் மோசமானது. யுனிகோடு (யுடிஎஃப்8) பைட்டுகள் லத்தீன்1 என்று அறிவித்த பத்திக்குள் (தரவு அட்டவணையின் நெடுவரிசை) கிடக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ‘க’ என்றால் 224, 174, 149. தலைப்பின் பைட்டுகளை எண்ணாகப் பார்த்தால் 224இல் தொடங்கினால் பிழைத்தோம். 195, 160 என்று தொடங்கினால் யாரோ ஏற்கெனவே ஒருமுறை தவறாக மாற்றி, இரட்டைக் குறியாக்கம் ஆகிவிட்டது.

தரவுத்தள நகலை விண்டோஸ் 1252 குறிமுறையில் படித்து எழுதும் கருவியில் திறந்து ‘சேமி’ கொடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் வினை. விண்டோஸ் 1252 குறிமுறையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. நம் புள்ளியின் கடைசி பைட்டு 141. உகரக் குறியுடையது 129. ‘ஏ’ 143, ‘ஐ’ 144. காலி இடங்களைத் தூக்கி எறியும் கருவியானால் மற்ற எழுத்தெல்லாம் பிழைக்கும், இவை நான்கும் விழும். ‘குடும்பம்’ ‘கடமபம’ ஆகும், ‘தோட்டம்’ ‘தோடடம’ ஆகும். மன்றத்தின் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 அந்த ஐந்து இடத்தையும் விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளும் என்பதால் தரவுத்தளத்துக்குள் இருக்கும்வரை சேதம் இல்லை. புள்ளி மட்டும் காணாமல் போன தமிழை எங்காவது பார்த்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள், இடையில் யார் எந்தக் கருவியில் திறந்து சேமித்தார் என்று கேளுங்கள்.

இரண்டாவது வேடத்தைத் திருத்தும் வழி: பத்தியை முதலில் இருமமாக (வெறும் பைட்டுகளாக), பிறகு யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லின் முழு யுனிகோடு) ஆக அறிவிக்கவேண்டும். நேரடியாக மாற்றினால் இரட்டைக் குறியாக்கம் ஆகும். பதிவு உரைப் பத்தி மீடியம்டெக்ஸ்ட் என்ற உரை வகை என்பதால் அதே அளவு தாங்கும் மீடியம்பிளாப் என்ற இரும வகை வழியாகவே போகவேண்டும். வெறும் பிளாப் 65,535 பைட்டுதான் தாங்கும், நீளப் பதிவுகளின் வால் போய்விடும். அந்தப் பத்தியில் முழுவுரைத் தேடல் சுட்டி இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டளையே ஓடாது.

இதெல்லாம் நடப்பதால்தான் ‘நகர்த்தல்’ வேண்டாம் என்கிறேன். மேசையை நகர்த்தினால் மேசைக்கு ஒன்றும் ஆவதில்லை.

மடல் 6
தமிழாசிரியை

புள்ளி போன தமிழ்! ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள் என்று வகுப்பில் சொல்வோம். இப்போது சர்வரும் அந்தப் பழக்கத்துக்குப் போகிறது.

கடப்பாரை ஆட்சேபத்துக்கு வருகிறேன். சேர்ந்து வரும் சொல்தான் பொருளைக் கட்டும். மொழிபெயர்ப்பில் யாருக்கும் சிமெண்டு ஞாபகம் வருவதில்லை. அதுமட்டுமல்ல, நீங்கள் சொல்லும் வேலையும் அதுவேதான்: ஒரு அமைப்பில் எழுதியதை இன்னொரு அமைப்பின் இலக்கணத்தில் எழுதுவது. ‘தளம்’ வேண்டாம் என்பது சரி. ‘மன்றப் பெயர்ப்பு’ என்று வையுங்கள். சர்வர் மட்டும் மாறினால் ‘சர்வர் மாற்றம்’, பதிப்பு உயர்ந்தால் ‘பதிப்பு உயர்த்தல்’. பெயர்ப்பு என்ற சொல்லை அந்த இரண்டுக்கும் விடாதீர்கள்.

பழைய இணைப்பைத் திருப்புவதற்கு வரைவில் ‘திசைதிருப்பல்’ என்று இருக்கிறது. கவனத்தைத் திசைதிருப்பி ஏமாற்றுவது போலக் கேட்கிறது. ‘வழிமாற்று’ போதும். ‘இறக்குமதி’ இருக்கட்டும், கிள்ளான் துறைமுகம் என்று யாரும் குழம்பமாட்டார்கள்.

மடல் 7
சர்வர் பொறுப்பாளரிடமிருந்து

ஏற்றுக்கொண்டேன் டீச்சர். சொல் நிற்கிறதா என்று பார்க்க, ஸென்ஃபோரோவுக்குப் போவதாக வைத்து அறிவிப்பிலேயே போட்டுப் பார்த்தேன். முன்னேற்பாடு இரண்டை நிர்வாகிகளுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்: டிஎன்எஸ் (தளப் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவு) ஆயுளை முந்தின நாளே 300 நொடிக்கு இறக்கிவிடுங்கள்; இணைப்புப் படங்களை வீட்டு இணையம் வழியாக இறக்கி ஏற்றாமல் சர்வரிலிருந்து சர்வருக்கு நேராக ஆர்சிங்க் என்ற நகல் கருவியால் அனுப்புங்கள். விபுல்லட்டினில் படங்கள் தரவுத்தளத்துக்குள் இருக்கின்றனவா, கோப்புறையிலா என்பதை முதலில் பாருங்கள். இரண்டில் எது என்பதைப் பொறுத்து இறக்குமதிக் கருவி கேட்கும் பாதை மாறும்.

உறுப்பினர்களுக்கான அறிவிப்பு:

“மன்றப் பெயர்ப்பு வேலைக்காக வெள்ளி இரவு 10 மணி முதல் புதுப் பதிவுகள் நிறுத்தப்படும். படிக்கலாம், எழுத முடியாது. ஞாயிறு மாலை திறக்கும். உங்கள் பழைய பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே செல்லும். சேமித்து வைத்த பழைய இணைப்புகளுக்கு வழிமாற்று உண்டு. புள்ளியோ உகரமோ விடுபட்ட பதிவு கண்ணில் பட்டால் திருத்தவேண்டாம், அதன் இழை எண்ணை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்.”

மடல் 8
மெய்ப்புப் பார்ப்பவர்

“திருத்தவேண்டாம்” என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள் தம்பி. நல்லெண்ணத்தில் யாராவது கையால் புள்ளி வைத்துவிட்டால், பிறகு மொத்தமாகச் சரிசெய்யும்போது அந்தப் பதிவு மட்டும் கெட்டுப்போகலாம்.