சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தாத்தா காலத்து வீடு. தார்சா, பட்டாசாலை என்கிற கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில் மாதிரி நீளமாகப் போகும். மேலே பனங்கை என்கிற பனைமரச் சட்டம் போட்ட கட்டைகுத்து மட்டப்பா, அதாவது பழைய முறை மொட்டைமாடி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஸ்திரி பேச்சைக் கேட்டுப் பட்டாசாலைச் சுவருக்கு சிமெண்ட் பூசினோம். தப்பு எங்கள் மேலும்தான். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிட்டது. இப்போது இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. தட்டினால் பொத்பொத்தென்று சத்தம். ஐப்பசி மழையில் ஒரு பாளமே விழுந்துவிட்டது, நல்லவேளை கட்டிலில் யாரும் இல்லை.

அதை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூச நினைக்கிறோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் கலவை குழைத்துப் பழகிய கொத்தனார் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் இருக்கிறாரா? யூடியூபில் பார்த்தவர் வேண்டாம்.

அப்புறம், அம்மாவுக்கு முட்டிவலி. புறவாசல் கடைசியில் இருக்கிற கக்கூஸ் வரை நடக்க முடியவில்லை. பின்கட்டை ஒட்டிக் குளியலறையோடு ஓர் அறை எடுக்க வேண்டும். காங்கிரீட் அறையைப் பழைய சுவரோடு சேர்த்துக் கட்டலாமா, தனி அஸ்திவாரம் போட்டு இடைவெளி விடலாமா? புதுசு தனியாக அமுங்கினால் பழைய சுவர் விரியுமே என்று பயம். இன்ஜினியர்கள் இரண்டு பேர், இரண்டு பதில். இப்படிக் கட்டியவர்கள் படம் போட்டால் புண்ணியம்.

இடிக்கிற வீட்டில் நல்ல பனங்கையோ, தட்டு ஓடோ கிடைத்தாலும் சொல்லுங்கள். தை பிறந்ததும் வேலை தொடங்கணும்.