மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆன்டிபயாடிக் இல்லாமல் ஆறியது எது, ஆறாதது எது: உங்கள் அனுபவம்?

கறவைக்காரி

மடிநோய்க்குக் கற்றாழை பூசிச் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், மாட்டுக்குக் காய்ச்சல் இருந்ததா, தீனி எடுத்ததா என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் வைத்தியத்தை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை.

எங்கள் கறவை ஒன்றுக்கு ஒரு காம்பில் மட்டும் பால் கெட்டு வந்தது. முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். அந்தப் பக்கம் மடி லேசாகக் கெட்டித்திருந்தது, தொட்டால் காலை உதறினாள். ஆனால் நன்றாகத் தின்றாள், அசை போட்டாள், உடல் சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது இயல்பான அளவு. மருத்துவரிடம் போனில் சொன்னேன். சூடு ஏறினாலோ தீனி குறைந்தாலோ உடனே கூப்பிடுங்கள், அதுவரை பூச்சு போட்டுப் பாருங்கள் என்றார்.

250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு. பலருக்கும் தெரிந்த கணக்குதான். அரைக்கும்போதே சுண்ணாம்பு பட்டு மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறும். ஒரு கை விழுது எடுத்துத் தண்ணீரில் கரைத்து, காம்பில் இருக்கிற பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியைக் கழுவித் துடைத்துப் பூச வேண்டும். காய்ந்ததும் கழுவி, கறந்து, மறுபடி பூச்சு. ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாள். கை ஓய்ந்துவிடும்.

வீக்கம் வற்றியது, பாலும் தெளிந்தது. ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் கற்றாழைக்கே கொடுக்க எனக்கு மனமில்லை. அத்தனை தடவை ஒட்டக் கறந்தால் கிருமியும் கெட்ட பாலும் வெளியே போய்விடும், பாதி வேலையை அதுவே செய்திருக்கும். தவிர, ஈ.கோலை கிருமியால் வரும் லேசான மடிநோய் பல சமயம் தானாகவே ஆறிவிடும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி என்றால் கதை வேறு. அது மடிக்குள் ஒளிந்துகொண்டு, ஆன்டிபயாடிக் போட்டால்கூட முழுசாகப் போகாது. அதனால் வைத்தியம் தொடங்கும் முன்பே கொஞ்சம் பாலைச் சோதனைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

கிடைக்காரன்

மடிநோய் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நம்முடையது ஆடுகள். புண்ணுக்குத் தேன் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு முழு நம்பிக்கை. வேலிக் கம்பி கிழித்துத் தொடைப்பக்கம் தோல் தொங்கிய ஆடு. உப்புத் தண்ணீரில் கழுவி, முடியைக் கத்தரித்து, தேன் தடவித் துணி சுற்றினோம். சீழ் வைக்கவே இல்லை. தேன் புண்ணிலிருக்கும் நீரை இழுத்துக்கொள்வதால் கிருமி வாழ முடியாது. நீர்த்துப்போகும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும். ஈ மொய்க்காமலிருக்கப் புண்ணைச் சுற்றி மட்டும் வேப்பெண்ணெய். மேல்புண்ணுக்குத்தான் இதெல்லாம். ஆழமாகக் குத்திய காயத்துக்குத் தேனை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

குளம்பு அழுகலுக்கு 10 சதவீத ஜிங்க் சல்ஃபேட் கரைசலில் ஆடுகளை நிற்கவைப்பது மூலிகை வைத்தியத்தில் சேராதுதான், ஆனாலும் ஊசிச் செலவை அது நிறையக் குறைத்தது.

பண்ணைவாசி

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். பக்கத்துப் பண்ணையில் புதிதாகக் கன்று ஈன்ற மாடு. மடி வீங்கியதும் பூச்சு ஆரம்பித்தார்கள். மறுநாள் நான் போனபோது காது சில்லிட்டு, கண் உள்ளே போய், மாடு எழுந்திருக்கவே இல்லை. மடியின் ஒரு பகுதி நீலம் பாரித்திருந்தது, தொட்டால் பிணம் போலச் சில்லென்றிருந்தது. கறந்தால் பால் வரவில்லை, செந்நீர்தான். மருத்துவர் வந்து நரம்பில் மருந்தும் நிறைய திரவமும் ஏற்றிய பிறகு உயிர் பிழைத்தது. அந்தக் காம்பு அழுகி விழுந்துவிட்டது. இந்த மாதிரி நிலையில் மணிக்கணக்கில் பூச்சுப் போட்டுக் காத்திருப்பது வைத்தியமே இல்லை.

கோழிக்காரர்

கோழியில் மருந்துக்கு மாற்று தேடுவதைவிட, நோய் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் லாபம். வளர்ச்சிக்காகத் தீனியில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரியிலிருந்து தடை. அதற்குப் பிறகும் அங்கே கோழி வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஃபின்லாந்து ஆய்வாளர் நூர்மி 1973-ல் வெளியிட்ட வழி. வளர்ந்த கோழியின் குடலிலிருக்கும் நல்ல கிருமிகளைக் குஞ்சுக்குக் கொடுத்தால், சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமிக்கு இடமே கிடைக்காது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாயிடமிருந்து அந்தக் கிருமிகள் வர வழியில்லையே, அந்தக் குறையைத்தான் இது தீர்க்கிறது. இன்று விற்கும் புரோபயாடிக் (நல்ல கிருமி) பொடிகள் எல்லாம் அந்த அளவுக்கு வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஓரிகானோ என்ற மூலிகையின் எண்ணெயும் பார்த்தாயிற்று. சோதனைக் குழாயில் கிருமியைக் கொல்லும், கொட்டகையில் ஒரு தடவை பலன், அடுத்த தடவை ஒன்றுமில்லை. படுக்கையை ஈரமில்லாமல் வைத்திருப்பது அதைவிட நிச்சயமான வைத்தியம்.

கறவைக்காரி

பண்ணைவாசி அண்ணா சொன்னது சரி, கோபமெல்லாம் இல்லை. கன்றுக் கழிச்சல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரும்பாலும் ரோட்டா வைரஸ், மாட்டுக்கு வரும் கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இவைதான் காரணம், ஆன்டிபயாடிக் இவற்றை ஒன்றும் செய்யாது. கன்று சாவது நீர் வற்றித்தான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும், கண் குழி விழும். இழந்த உப்பையும் நீரையும் ஈடுகட்டும் எலக்ட்ரோலைட் கரைசல் தனியாக, பால் வழக்கம்போல. பாலை நிறுத்தினால் கன்று இன்னும் தளர்ந்துபோகும். பிறந்த சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் குடித்த கன்றுக்கு இதெல்லாம் வருவதே குறைவு. எழ முடியாமல் கிடக்கும் கன்றுக்கு வாய்வழிக் கரைசல் போதாது, மருத்துவர்தான் வர வேண்டும்.

புதியவன்

அக்கா, அந்தக் கற்றாழை விழுதைச் சிரிஞ்சில் எடுத்துக் காம்புக்குள்ளேயே செலுத்தினால் சீக்கிரம் கேட்குமா?

கறவைக்காரி

வேண்டவே வேண்டாம் தம்பி. வீட்டில் அரைத்த விழுதில் ஈஸ்ட்டும் வேறு கிருமிகளும் இருக்கும். அதை உள்ளே விட்டால் நாமே புது மடிநோயை ஏற்றிவிட்ட மாதிரி, அதுவும் ஈஸ்ட்டுக்கு ஆன்டிபயாடிக்கும் கேட்காது. வெளியே மட்டும் பூசு. பூசிய மாட்டுப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிடு, கன்றுக்கும் கொடுக்காதே.